பதினொருவர் யார்? – ஒரு கிரிக்கெட் கணக்கு



மாலை நேரத்தில் தெருவில் கிரிக்கெட் ஆடுமுன் நீங்கள் அணி பிரிக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். 'சா பூ த்ரீ' போட்டு முதல் வாய்ப்பு யாருக்கு என்று முடிவு செய்கிறீர்கள். வாய்ப்பைப் பெற்றவன் முதலில் யாரை அழைக்கிறான்? நேற்று மூன்று சிக்சர் அடித்தவனை! கடைசியாக அழைக்கப்படுபவன் யார்? நேற்று முதல் பந்திலேயே ஆட்டமிழந்தவன். இது சரியான தேர்வுதானா? நேற்றைய சிக்சர்கள் இன்றைய ஆட்டத்தைப் பற்றி எவ்வளவு சொல்கின்றன?

விளையாட்டாகத் தோன்றும் இக்கேள்விக்குள் நிகழ்தகவு இருக்கிறது, இயற்கணிதம் இருக்கிறது, நான் கல்லூரியில் கற்பிக்கும் அணு இயற்பியலும்கூட ஓரளவு இருக்கிறது. பல இளைஞர்களின் பணமும் நிம்மதியும் இதே கேள்வியில் சிக்கிக்கொண்டன. இதை எழுதத் தூண்டியதும் அதுவே.

ஒரு மாணவன் கேட்ட சந்தேகம்

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. திண்டுக்கல்லில் நான் பாடம் நடத்தும் கல்லூரியில், கதிரியக்கச் சிதைவைப் பற்றிய வகுப்பு முடிந்தபின் முதலாண்டு மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். தந்தை பூட்டுப் பட்டறைத் தொழிலாளி.

"சார், ஒரு சந்தேகம். நிகழ்தகவை நன்றாகப் படித்தால் கிரிக்கெட் டீம் சரியாகப் போட முடியுமா?"

"எந்த டீமப்பா? கல்லூரி டீமா?"

"இல்லை சார். போனில் போடுகிற டீம்."

மெல்ல மெல்ல விவரம் வந்தது. உண்மையான ஓர் ஆட்டத்தில் ஆடப்போகும் 22 பேரிலிருந்து 11 பேரைக் கைபேசியில் தேர்ந்தெடுக்க வேண்டும். மைதானத்தில் அவர்கள் எடுக்கும் ஓட்டங்களுக்கும் விக்கெட்டுகளுக்கும் ஏற்ப நமக்குப் புள்ளிகள் கிடைக்கும். நுழைவுக் கட்டணம் கட்டிய எல்லோரிலும் அதிகப் புள்ளி பெற்றவருக்குப் பரிசு. முதல் நாள் அவனுக்குச் சிறு தொகை கிடைத்திருக்கிறது. பிறகு போகத் தொடங்கியது. கடைசியில் பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு அப்பா கொடுத்த பணமும் போய்விட்டது.

"வகுப்பில் நீங்கள்தானே சார் சொன்னீர்கள், நிகழ்தகவு தெரிந்தவன் எதிலும் ஏமாற மாட்டான் என்று?"

சுருக்கென்றது எனக்கு. வகுப்பைக் கலகலப்பாக்குவதற்காக நான் சொன்ன வாக்கியம் அது. அரைகுறையாகச் சொன்ன பாடத்தை முழுவதும் சொல்லிமுடிக்க வேண்டிய கடமை எனக்கு வந்துவிட்டது. அன்று மாலை ஆய்வுக்கூடத்துக் கரும்பலகையில் அவனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கைத்தான், சற்று விரிவாக, உங்களுக்கும் சொல்கிறேன்.

உணவு விடுதியில் பிறந்த ஆட்டம்

இந்தக் கற்பனை அணி விளையாட்டின் தாயகம் அமெரிக்கா; தாய் விளையாட்டு பேஸ்பால். 1980-ஆம் ஆண்டு டேனியல் ஓக்ரென்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும், தாங்கள் கூடிப் பேசும் நியூயார்க் உணவு விடுதி ஒன்றின் பெயரால் 'ரோட்டிசெரி லீக்' என்ற ஆட்டத்தைத் தொடங்கினர். ஒவ்வொருவரும் உண்மையான பேஸ்பால் வீரர்களை ஏலம் எடுப்பதுபோல் எடுத்து ஒரு கற்பனை அணி அமைப்பர். பருவம் முழுவதும் செய்தித்தாளில் வரும் புள்ளிவிவரங்களைக் கூட்டிக் கழித்து வெற்றியாளரைக் காண்பர்.

பேஸ்பாலை எண்களால் ஆராயும் பழக்கம் அப்போது வளர்ந்துகொண்டிருந்தது. கான்சாஸ் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையின் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ் என்பவர், காவல் நேரத்தில் கணக்குப் போட்டு, 1977-இல் தம் முதல் புள்ளிவிவர நூலைத் தாமே வெளியிட்டார். வீரரின் புகழை நம்பாதே, எண்ணைப் பார் என்பது அவருடைய கொள்கை.

பின்னர் இணையம் வந்தது. பருவம் முழுவதும் காத்திருந்த ஆட்டம் ஒரே நாளில் முடியும் ஆட்டமாகச் சுருங்கியது. 2009-க்குப்பின் அமெரிக்காவில் இத்தகைய அன்றாடப் போட்டிகள் பெரும் வணிகமாயின. இந்தியாவில் 2008-இல் தொடங்கப்பட்ட ட்ரீம்11 நிறுவனம் இதைக் கிரிக்கெட்டுக்குக் கொண்டுவந்தது.

நம் திண்டுக்கல்லும் இந்த வரைபடத்தில் இடம்பெற்றது. 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது, திண்டுக்கல் டிராகன்ஸ் அதன் எட்டு அணிகளுள் ஒன்றாக அமைந்தது. நத்தத்திலுள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம் ஆட்டக் களங்களுள் ஒன்றாயிற்று.

எத்தனை அணிகள் சாத்தியம்?

கணக்குக்கு வருவோம். 22 பேரிலிருந்து 11 பேரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? மேல்நிலை வகுப்பில் 'சேர்வுகள்' என்ற பாடத்தில் இதற்கு வாய்பாடு இருக்கிறது. விடை 7,05,432.

அத்துடன் முடியவில்லை. பதினொருவரில் ஒருவரைத் தலைவராகக் குறிக்க வேண்டும். அவருக்கு இரு மடங்குப் புள்ளி. இன்னொருவர் துணைத் தலைவர். அவருக்கு ஒன்றரை மடங்கு. தலைவரை 11 விதமாகவும், பின் துணைத் தலைவரை 10 விதமாகவும் தேரலாம். ஆகவே

7,05,432 × 11 × 10 = 7,75,97,520.

ஏறத்தாழ ஏழே முக்கால் கோடி அணிகள்! நொடிக்கு ஓர் அணி வீதம் இரவு பகலாக எழுதினாலும் எழுதி முடிக்க 898 நாள்கள், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் ஆகும். விக்கெட் காப்பாளர் ஒருவராவது வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இந்த எண்ணிக்கையைக் குறைக்கும். ஆனாலும் கோடிக்கணக்கில் மிஞ்சும். திண்டுக்கல் பூட்டுக்குச் சரியான சாவி ஒன்றுதான். இங்கோ ஏழே முக்கால் கோடிச் சாவிகள் கொண்ட கொத்து. எந்தச் சாவி என்பது ஆட்டம் முடிந்த பிறகே தெரியும்!

ஒட்டன்சத்திரத்து லாரி

எல்லா நட்சத்திர வீரர்களையும் ஒரே அணியில் சேர்த்துவிடலாமே என்கிறீர்களா? அதைத் தடுக்க ஒரு விதி உண்டு. ஒவ்வொரு வீரருக்கும் ஒரு 'விலை' உண்டு. பதினொருவரின் மொத்த விலை 100-ஐத் தாண்டக்கூடாது. சிறந்த வீரர் விலை அதிகம்.

இது நமக்குப் பழக்கமான சிக்கல்தான். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் கேரளத்துக்குச் சரக்கு ஏற்றும் வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். லாரி இவ்வளவு எடைதான் தாங்கும். தக்காளி, முருங்கைக்காய், வெங்காயம் ஒவ்வொன்றுக்கும் மூட்டைக்கு ஓர் எடை, ஓர் இலாபம். எந்தெந்த மூட்டைகளை எத்தனை ஏற்றினால் மொத்த இலாபம் மிக அதிகமாகும்? கணித அறிஞர்கள் இதை 'மூட்டைச் சிக்கல்' என்ற பொருள்படும் பெயராலேயே வழங்குகின்றனர். ஜார்ஜ் டான்சிக் 1957-இல் இதற்குத் தீர்வு முறைகளை ஆராய்ந்தார். 1972-இல் ரிச்சர்ட் கார்ப், கணிப்பொறிக்கே கடினமான 21 சிக்கல்களைப் பட்டியலிட்டபோது இதுவும் அதில் இடம்பெற்றது.

ஒரு சிறு மாதிரியைப் பார்ப்போம். ஐந்து வீரர்களில் மூவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மொத்த விலை 27-க்குள் இருக்க வேண்டும்.

அ – விலை 11, எதிர்பார்க்கும் புள்ளி 48
ஆ – விலை 10, புள்ளி 44
இ – விலை 9, புள்ளி 41
ஈ – விலை 8, புள்ளி 35
உ – விலை 7, புள்ளி 30

ஆசைக்காரர் முதலில் அ-வை எடுப்பார். பிறகு ஆ-வை எடுப்பார். 21 செலவாயிற்று, மீதி 6. அந்த விலைக்கு மூன்றாமவர் யாருமில்லை. அணியே அமையாது! நிதானமாக எல்லாச் சேர்வுகளையும் எழுதிப் பாருங்கள். மொத்தம் 10, அவற்றில் விலைக்குள் அடங்குபவை 6. அவற்றுள் மிகச் சிறந்தது ஆ, இ, ஈ என்ற கூட்டு: 120 புள்ளிகள். நட்சத்திர வீரர் அ அதில் இல்லவே இல்லை. அ, இ, உ என்ற கூட்டு 119-தான் தருகிறது.

இப்போது தலைவருக்கு இரு மடங்கு என்ற விதியைச் சேருங்கள். ஆ-வைத் தலைவராக்கினால் முதல் கூட்டு 120 + 44 = 164. அ-வைத் தலைவராக்கினால் இரண்டாம் கூட்டு 119 + 48 = 167. முடிவு தலைகீழாகிவிட்டது! விதியில் ஒரு சிறு மாற்றம் விடையையே மாற்றுவதைக் கவனித்தீர்களா? பதினொருவருக்கு இதைக் கையால் செய்ய முடியாது. கணிப்பொறி ஒரு கணத்தில் செய்துவிடும். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள்; பின்னால் தேவைப்படும்.

ஆனால் 48, 44 என்று நாம் எழுதிய 'எதிர்பார்க்கும் புள்ளி' எங்கிருந்து வந்தது? சிக்கலின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

மட்டையாளரும் கதிரியக்க அணுவும்

ரேடியம் அணு ஒன்று எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் ஆண்டுகள் சிதையாதிருந்த அணுவுக்கும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பு புதிய அணுவுக்கு உள்ள அதே வாய்ப்புத்தான். அணுவுக்கு முதுமை இல்லை.

மட்டையாளரும் ஓரளவு அப்படியே. ஒவ்வொரு பந்திலும் அவர் ஆட்டமிழக்க ஒரு வாய்ப்பு உண்டு. அது ஏறக்குறைய மாறாமல் இருந்தால், அவர் எடுக்கும் ஓட்டங்கள் சிதைவு விதியைப் போன்ற ஒரு விதியைப் பின்பற்றும். 1945-இலேயே இங்கிலாந்தின் அரசப் புள்ளியியல் கழகத்தின் இதழில் எல்டர்டன், வுட் ஆகியோர் கிரிக்கெட் ஓட்டங்களை இவ்வாறு ஆராய்ந்து எழுதினர். உண்மையில் ஆட்டத் தொடக்கத்தில் கண் பழகும் வரை ஆபத்து சற்று அதிகம். இருபது ஓவர் ஆட்டத்தில் பந்துகளும் அளவானவை. எனினும் தோராயத்துக்கு இவ்விதி போதும்.

சராசரி 30 ஓட்டம் எடுக்கும் நல்ல மட்டையாளர் ஒருவர். இவ்விதிப்படி அவருடைய 100 ஆட்டங்கள் எப்படி இருக்கும்? சுமார் 28 ஆட்டங்களில் 10-க்கும் குறைவு. சராசரியான 30-ஐத் தாண்டுவது 37 ஆட்டங்களில் மட்டுமே. 60-ஐத் தாண்டுவது 13 அல்லது 14 ஆட்டங்களில். அதாவது சராசரி 30 என்பவர் பெரும்பாலான நாள்களில் 30 எடுப்பதில்லை! சில பெரிய ஆட்டங்கள் பல சிறிய ஆட்டங்களின் குறையை நிரப்புகின்றன.

டான் பிராட்மனைவிடச் சிறந்த மட்டையாளர் உண்டா? டெஸ்ட் சராசரி 99.94. அவரும் 80 இன்னிங்ஸ்களில் 7 முறை பூஜ்யத்தில் ஆட்டமிழந்தார். 1948-இல் ஓவல் மைதானத்தில் ஆடிய கடைசி இன்னிங்ஸும் பூஜ்யமே.

இவ்வகைப் பரவலுக்கு ஒரு சிறப்புண்டு: திட்ட விலக்கம் சராசரிக்குச் சமம். சராசரி 30 எனில் விலக்கமும் 30. ஐந்து ஆட்டங்களின் சராசரியில் இந்த ஊசலாட்டம் 30-ஐ √5-ஆல் வகுத்த ஈவாகும். அதாவது சுமார் 13. ஆகவே இந்த வீரரின் 'கடைசி ஐந்து ஆட்டச் சராசரி', திறமை இம்மியும் மாறாமலேயே, 17-க்கும் 43-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். 43 என்றால் 'அபார ஃபார்ம்' என்கிறோம். 17 என்றால் 'ஃபார்ம் போய்விட்டது' என்கிறோம். இரண்டும் ஒரே மனிதர்!

இன்னொரு கணக்கு. ஒருவரின் உண்மைச் சராசரி 30, மற்றவருடையது 25. ஓட்டப் பட்டியலை மட்டும் பார்த்து, முன்னவரே சிறந்தவர் என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல எத்தனை ஆட்டங்கள் தேவை? இருவரின் விலக்கங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், வேறுபாட்டின் பிழை 39-ஐ √n-ஆல் வகுத்ததற்குச் சமம். அது நாம் தேடும் 5-இல் பாதியாக, அதாவது 2.5 ஆகக் குறைய வேண்டுமானால் n சுமார் 240. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் ஓர் அணி முதற்சுற்றில் ஆடுவது பருவத்துக்கு 7 ஆட்டங்கள். 240 ஆட்டங்களுக்கு 34 ஆண்டுகள் வேண்டும்! அதற்குள் வீரரின் மகன் ஆட வந்துவிடுவான்.

அணிகளுக்கும் இது பொருந்தும். 2024-இல் திண்டுக்கல் டிராகன்ஸ் அஸ்வின் தலைமையில் கோப்பையை வென்றது. 2025-இல் மீண்டும் இறுதியாட்டத்துக்கு வந்தது. ஆட்டம் சொந்த மண்ணான நத்தத்தில். நடப்புச் சாம்பியன், பழகிய மைதானம். ஆனால் திருப்பூர் தமிழன்ஸ் அணி 118 ஓட்ட வேறுபாட்டில் வென்றது. அன்று காலை நம் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இந்த விடை கிடைத்திருக்காது.

நாற்பத்தைந்து வாய்ப்புகளின் பாடம்

அப்படியானால் பழைய எண்களால் பயனே இல்லையா? உண்டு. ஆனால் அவற்றை முழுவதும் நம்பக்கூடாது. சராசரியை நோக்கிச் சுருக்க வேண்டும். இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று பேஸ்பாலில் இருக்கிறது.

1977-இல் பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரு புள்ளியியல் அறிஞர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டனர். 1970-ஆம் ஆண்டுப் பருவத்தில் 18 மட்டையாளர்களின் முதல் 45 வாய்ப்புகளை மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். ராபர்ட்டோ கிளெமென்டே 45-இல் 18 முறை வெற்றிகரமாக அடித்திருந்தார், விகிதம் 0.400. தர்மன் மன்சன் 8 முறைதான், 0.178. இதை மட்டும் பார்த்தால் நீங்கள் யாரைத் தேர்ந்தெடுப்பீர்கள்?

பருவத்தின் எஞ்சிய பகுதியில் நடந்ததைக் கேளுங்கள். கிளெமென்டே 0.346-க்கு இறங்கினார். மன்சன் 0.316-க்கு ஏறினார், அந்த ஆண்டு தம் லீக்கின் சிறந்த புதுமுக வீரர் விருதையும் பெற்றார்!

அறிஞர்கள் செய்தது இதுதான். 18 பேரின் பொதுச் சராசரி 0.265. ஒவ்வொருவரும் அதிலிருந்து விலகியிருக்கும் தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டும் நம்பினர். மீதியை அதிர்ஷ்டம் என்று தள்ளினர். கிளெமென்டேயின் மதிப்பீடு சுமார் 0.29 ஆயிற்று. அவர் மெய்யாகவே சிறந்தவராதலால் இது அவருக்குச் சற்றுக் குறைத்து மதித்ததாக முடிந்தது. ஆனால் 18 பேரையும் சேர்த்துப் பார்த்தபோது, பிழைகளின் வர்க்கங்களின் கூட்டுத்தொகை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. ஐம்பதுகளில் சார்லஸ் ஸ்டைன் கண்ட ஒரு கணித உண்மையின் நேரடி விளக்கம் இது. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாகப் பெற்றோரைவிடச் சற்றுக் குள்ளமாயிருப்பதை 1886-இல் கால்டன் விளக்கியதும் இதே தத்துவத்தால்தான்: மிக உயர்ந்தது சராசரியை நோக்கித் திரும்பும், மிகத் தாழ்ந்ததும் அப்படியே.

எனவே தெருவில் அணி பிரிக்கும்போது, நேற்று முதல் பந்தில் ஆட்டமிழந்தவனைக் கடைசியில் நிறுத்தாதீர்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

புத்தகக் கிரிக்கெட் ஆடத் தெரியாத மாணவர் உண்டா? தடித்த புத்தகம் ஒன்றை எடுங்கள். கண்ணை மூடித் திறந்து, இடப்பக்க எண்ணின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 2, 4, 6 வந்தால் அத்தனை ஓட்டம்; 8 வந்தால் 1 ஓட்டம்; 0 வந்தால் அவுட். நடுப்பக்கமே அடிக்கடி திறக்காதபடி மாற்றி மாற்றித் திறக்க வேண்டும்.

11 நண்பர்களின் பெயரை எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் 5 இன்னிங்ஸ் ஆடுங்கள். புத்தகத்துக்கு எல்லோரும் சமம். எவருக்கும் தனித்திறமை கிடையாது. ஒவ்வொருவரின் உண்மைச் சராசரியும் 13 என்று கணக்கிட்டுக் காட்டலாம். ஆயினும் உங்கள் பட்டியலில் முதலிடம் பெறுபவரின் சராசரி 24-ஐ ஒட்டி இருக்கக் காண்பீர்கள். 'ஃபார்மில்' இருக்கும் அந்த வீரருக்கு மேலும் 5 இன்னிங்ஸ் ஆடிப் பாருங்கள். பெரும்பாலும் கீழே வந்துவிடுவார். இல்லாத திறமை ஒன்றை நம் கண் எப்படிக் கண்டுபிடித்தது என்று யோசியுங்கள்.

திறமையா, அதிர்ஷ்டமா?

2017-இல் பஞ்சாப்–அரியானா உயர்நீதிமன்றம், இவ்விளையாட்டில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்று தீர்ப்பளித்தது. அறிவியல் முறையில் இதைச் சோதிப்பது எப்படி? எளிது. பருவத்தின் முதற்பாதியில் வென்றவர்களே பிற்பாதியிலும் வென்றால் அது திறமை. ஆளுக்கு ஆள் மாறினால் அதிர்ஷ்டம்.

ஒரே ஆட்டத்தில் அதிர்ஷ்டமே பெரிது என்பதை மேலே கண்டோம். ஆனால் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில், சிறு திறமையும் கூடிக்கூடிப் பெரிதாகிவிடும். 2015-ஆம் ஆண்டு அமெரிக்கப் பேஸ்பால் பருவத்தின் முதற்பாதியில், அன்றாடக் கற்பனை அணிப் போட்டிகளில் ஆடியவர்கள் ஈட்டிய இலாபத்தை மெக்கின்சி நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அந்த இலாபத்தில் 91 விழுக்காடு 1.3 விழுக்காட்டு ஆட்டக்காரர்களுக்கே போயிருந்தது!

யார் அந்தச் சிலர்? மூட்டைச் சிக்கலைக் கணிப்பொறியால் தீர்ப்பவர்கள். ஒரே போட்டிக்கு நூற்றுக்கணக்கான அணிகளை அனுப்புபவர்கள். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2016-இல் இந்த உத்தியையே கட்டுரையாக வெளியிட்டனர். ஒரே அணியில் சேர்ந்து ஆடும் வீரர்களைக் கூட்டாகத் தேர்ந்தெடுத்தால், ஒருவர் நன்றாக ஆடும்போது மற்றவரும் புள்ளி பெறுவார். சரிந்தால் எல்லோரும் சரிவர். சராசரி உயராவிட்டாலும் ஊசலாட்டம் பெரிதாகும். முதல் சிலருக்கே பெரும்பரிசு என்னும் போட்டியில் ஊசலாட்டம்தான் வேண்டும். பல அணிகளை அனுப்பினால் ஏதாவது ஒன்று உச்சியில் போய் நிற்கும்.

என் மாணவனோ ஒரே ஓர் அணியுடன், நேற்றைய செய்தித்தாளின் ஓட்டப் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்களுடன் போட்டியிட்டான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. "இது சூதல்ல, திறமை விளையாட்டு" என்ற விளம்பரத்தைக் கேட்டு அவன் துணிந்தான். உண்மையில் அவன் அஞ்ச வேண்டியது அந்த வாக்கியத்துக்குத்தான். வெறும் நாணயச் சுண்டல் என்றால் புதியவனுக்கும் பழையவனுக்கும் வாய்ப்பு சமம். திறமை விளையாட்டு என்றால், திறமை குறைந்தவன் தோற்றே தீர வேண்டும்.

திறமை எல்லோருக்கும் சமம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கழித்தல் கணக்கு இருக்கிறது. 100 பேர் ஆளுக்கு 50 ரூபாய் கட்டினால் 5,000 ரூபாய். நடத்துபவர் 1,000 எடுத்துக்கொண்டு 4,000-ஐப் பரிசாகத் தருகிறார் என்போம். ஒருவருக்குத் திரும்பக் கிடைக்கும் சராசரி 40. ஆட்டத்துக்கு 10 ரூபாய் இழப்பு. 60 நாள் ஆடினால் 600 ரூபாய். எவ்வளவு நுட்பமாக அணி போட்டாலும், 100 பேரின் சராசரியை எவராலும் உயர்த்த முடியாது. ஒருவர் பெறுவது இன்னொருவர் இழந்ததுதான்.

முதல் நாள் அவனுக்குக் கிடைத்த சிறு தொகையும் புத்தகக் கிரிக்கெட்டின் முதலிட வீரரைப் போன்றதே. அது அவனுடைய 'ஃபார்ம்' அன்று, அதிர்ஷ்டம்.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை, திறமை – அதிர்ஷ்டம் என்ற வேறுபாடு பாராமல் தடைசெய்யும் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகஸ்ட் 22-இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதையடுத்துப் பெரிய நிறுவனங்கள் பணப் போட்டிகளை நிறுத்தின. ஆனால் ஆசை சட்டத்துக்கு முந்தியது. அது வேறு பெயரில், வேறு வழியில் உங்களைத் தேடி வரலாம். அப்போது துணைக்கு நிற்க வேண்டியது உங்கள் கணக்கு அறிவுதான்.

நோட்டுப் புத்தக அணி

அணி போடும் விளையாட்டையே விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லை. பணமில்லாமல் ஆடினால் இதைவிட நல்ல புள்ளியியல் ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஓட்டத்துக்கு 1, விக்கெட்டுக்கு 25, கேட்ச்சுக்கு 8 என்று விதி வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மூன்று அணிகள் எழுதுங்கள். ஒன்று, உங்கள் மனம் சொல்வது. இரண்டாவது, பழைய சராசரிகளைப் பொதுச் சராசரியை நோக்கிச் சுருக்கிக் கணக்கிட்டது. மூன்றாவது, சீட்டுக் குலுக்கி எடுத்தது. ஆடப்போகும் பதினொருவரின் பெயர்கள் டாஸ் போடும்போதுதான் உறுதியாகும். அதற்குப் பிறகு எழுதுவது நல்லது. ஒரு பருவம் முடிந்தபின் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். உங்கள் மனம் சீட்டுக் குலுக்கலை எவ்வளவு வெல்கிறது என்பதை உங்கள் கையெழுத்திலேயே காண்பீர்கள்.

அந்த மாணவன்? மறுநாளே தந்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். கரும்பலகைக் கணக்கைவிட அதுதான் கடினமான செயல். அவன் அப்பா நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "பூட்டுக்கு லீவர் வைக்கிறவன் நான். எந்தச் சாவி போடக்கூடாது என்று தெரிவதுதானப்பா பூட்டு" என்றாராம். விடுமுறை நாள்களில் பட்டறையில் வேலை செய்து அவன் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

அவன் இன்றும் அணி போடுகிறான், நோட்டுப் புத்தகத்தில். அண்மையில் என்னைப் பார்க்க வந்தபோது காட்டினான். "மனசு சொன்ன டீமுக்கும் சீட்டு டீமுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை சார்" என்று சிரித்தான்.

நானும் வகுப்பில் என் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டேன். நிகழ்தகவு தெரிந்தவன் எல்லா ஆட்டத்திலும் வெல்வதில்லை. எந்த ஆட்டத்தில் இறங்கக்கூடாது என்பதை அறிந்திருப்பான்.